ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்த படம்

பழுது பார்க்க ஒரு படம் வந்தால் நான் முதலில் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். ஆணி எந்தப் பக்கமாகத் துருப்பிடித்திருக்கிறது, தூசி எந்த விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது, கேன்வாஸை எத்தனை முறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே எழுதாமலே எழுதியிருக்கும். அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருடமாக இதுதான் என் வேலை. ஆனால் என் வீட்டுச் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கு மேலே, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த படத்தை ஒருமுறைகூட நான் கவிழ்த்துப் பார்த்ததில்லை. அது என் மாமியார் வரைந்தது. சொந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை, அந்த மாதிரி.

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. இளவயதில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: டப்பா. அது எப்படி வந்தது என்று சொன்னால் மற்றதெல்லாம் புரியும்.

அறுபது வருடத்துக்கு முன்னால் ஏழு இளைஞர்கள் ஒரு குடைக்கடையின் மாடியை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து வரைந்தார்கள். எங்கள் ஊரின் நவீன ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த மாடியிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்த ஏழு பேரில் பெரிய பெயர் எடுத்தவரைத் தாடி என்பார்கள். அவர் 1967இல் வண்ணங்களையெல்லாம் விட்டுவிட்டு வெறும் சாம்பல் நிறத்தில் வரைய ஆரம்பித்தார். அதற்குப் புத்தகங்களில் ‘பெரிய திருப்பம்’ என்று பெயர். இன்னொருவர் எதை வரைந்தாலும் ஒரு பச்சையைக் கொண்டுவந்து வைப்பார், அதனால் கிளி. எட்டாவதாக அந்த மாடியில் வரைந்தவர் அத்தை. இருக்கும் புத்தகங்களிலேயே தடிமனானதில் அவருக்கு ஒரு வரி உண்டு: ‘குழுவினருடன் பழகிய பெண்மணி ஒருவரும் வரைந்து வந்தார்.’

எண்ணெய் வண்ணத்தில் ஒரு தொல்லை. சாயங்காலம் வண்ணத்தட்டைச் சுரண்டித் துடைக்காமல் போனால் மீந்த வண்ணம் தட்டிலேயே இறுகிவிடும். ஏழு ஆண்களும் அப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மாடியைப் பூட்டும் பொறுப்பு அத்தையுடையது. ஏழு தட்டையும் கத்தியால் வழித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். தூக்கிப் போட மனம் வராது. சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தின்னும், மஞ்சளும் ஊதாவும் அப்படித்தான். எல்லாம் சேர்ந்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு சாம்பல். ஆனால் தினமும் ஒரே சாம்பல் வராது. ஒருவர் அன்று சூரியன் வரைந்திருந்தால் டப்பாவில் கொஞ்சம் சூடு இருக்கும். இரண்டு பேர் வரவில்லை என்றால் அதுவும் தெரியும்.

அந்தச் சாம்பலில்தான் அத்தை வரைந்தார். ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்த படத்தில் பதினான்கு கிடைமட்டப் பட்டைகள், கீழிருந்து மேலாக. ஒரு பட்டை ஒரு நாள் டப்பா.

இந்த வருடம் எங்கள் அருங்காட்சியகம் அந்த மாடிக்காரர்களுக்கு ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. பொறுப்பாளர் என் சக ஊழியர். இடுப்பில் எப்போதும் அளக்கும் டேப் தொங்கும், ஆகவே அங்குலம். அத்தையின் படத்தையும் இரவல் கேட்டு வீட்டுக்கு ஒரு படிவம் அனுப்பினார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அத்தையே நிரப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை, எந்தப் படம் எந்த அறையில் என்ற பட்டியல் என் மேஜைக்கு வந்தது.

முதல் அறை: தொடங்கியவர்கள். ஏழு பெயர். அத்தையின் படம் நாற்பத்தொன்றாவது. நடைபாதையில், குடிதண்ணீர்க் குழாய்க்கும் தீயணைக்கும் சிலிண்டருக்கும் நடுவே. ஆண்டு என்ற இடத்தில் இந்த வருடம். கீழே ஒரு குறிப்பு: ‘தாடியின் சாம்பல் படங்களின் தாக்கத்தில், முதிய வயதில் வரைந்தது.’

பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே அங்குலத்திடம் போனேன்.

“தம்பி, இது என்ன? நான் அந்த வீட்டுக்கு வந்தப்பவே இந்தப் படம் செவுத்துல இருந்துச்சு. இந்த வருஷமாம்ல!”

“அக்கா, நான் எழுதலை. இதப் பாருங்க.” படிவத்தை நீட்டினார். ‘ஆண்டு’ என்பதற்கு எதிரே அத்தையின் சாய்ந்த கையெழுத்து. இந்த வருடம்தான். சந்தேகமே இல்லை.

“ஏதோ மறதியா எழுதிட்டாங்க.”

“சரி, நீங்க வந்தப்ப இருந்துச்சு. அதாவது இருபத்தெட்டு வருஷம். தாடி சாம்பல் போட்டது அதுக்கும் முப்பது வருஷம் முன்னால. அப்பவும் அவங்க பின்னாடி வந்தவங்கதானே? முதல் அறைக்கு அறுபத்தேழுக்கு முன்னால வேணும்.”

“அதுக்கும் முன்னாலதான் தம்பி.”

“நீங்க மருமக. நீங்க சொல்றத வெச்சு மாத்துனா, நாளைக்கு என்னை உரிச்சுத் தொங்க விட்டுருவாங்க. அதுவும் நடைபாதைலதான் தொங்க விடுவாங்க.” சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. “வெள்ளிக்கிழமை கேட்டலாக் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள ஏதாவது ஆதாரம் குடுங்க. நானே என் கண்ணால பாக்கிற மாதிரி.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அத்தை தன் நீலக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். திறப்பு விழாவுக்குப் போட. விழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

“எந்த இடம்னு சொன்னானா உங்க அங்குலம்?”

நான் சொன்னேன்.

“குழாய்ப் பக்கமா? நல்லதாப் போச்சு. தாகம் எடுக்கிறவன் எல்லாம் பாப்பான்.” ஊசி நின்றது. “கிளி படம் எங்க?”

“முதல் அறை.”

“தாடி?”

“முதல் அறை.”

“எல்லாரும் ஒரே ரூம்லதான் இருப்பானுங்க.” நூலைப் பல்லால் கடித்தார். “சரி விடு. அப்பவும் அவனுங்க உள்ள, நான் டப்பாவோட வாசப்படில.” சிரித்தார். ஆனால் கோட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டார், இரண்டு பொத்தான் பாக்கி இருக்கும்போதே.

“அத்தை, அந்த ஃபாரத்துல ஏன் இந்த வருஷம்னு எழுதுனீங்க?”

“ஏன், தப்பா? இந்த வருஷம்தானே போகுது?”

“எங்க போகுது?”

“வீட்டை விட்டு.” நான் முழிப்பதைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: “படம் என்னைக்கு வீட்டை விட்டுப் போகுதோ அன்னைக்குத்தாம்மா அது முடிஞ்சுது. அது வரைக்கும் நான் தொட்டுக்கிட்டேதானே இருப்பேன்? எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் தேதி போட்டிருக்கேன். இதுல அந்த வலது மூலை இன்னும் ஒத்து வரல.”

ஆறு பேர் வீட்டில் அத்தையின் படங்கள் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்று. எல்லாவற்றின் பின்னாலும் 1975, 1981, 1990. அத்தனையும் கொடுத்த தேதி! அறுபது வருடமாகத் தன் கையாலேயே தன்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார்.

“நீங்க இதை எப்ப ஆரம்பிச்சீங்க?”

“கிளி கப்பல் வேலைக்குப் போனானே, அந்தச் சமயம்.”

“அதை எழுதியிருக்கலாமே!”

“ஆரம்பிச்ச தேதிய எவளாவது எழுதுவாளா? ஆரம்பிச்சது எல்லாம் முடியுதா என்ன? உன் புருஷன் கிட்டார் ஆரம்பிச்சான்.”

கிளி கப்பல் வேலைக்குப் போனது 1964. அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் கிளியின் பச்சையை எனக்குத் தெரியும். அவர் படம் ஒன்றை நான் பழுது பார்த்திருக்கிறேன். அது அவருடைய பெரியப்பாவின் பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சிக் கிடந்த பழைய சரக்கு; செம்பும் பாஷாணமும் சேர்த்துச் செய்த நச்சுப் பச்சை. வண்ணக் கம்பெனிகள் அந்தக் காலத்திலேயே அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. மாடியில் வேறு யாரிடமும் அது கிடையாது. மைக்ரோஸ்கோப்பில் அதை வேறு எந்தப் பச்சையோடும் குழப்ப முடியாது: மற்றவை உடைந்த கண்ணாடி போல இருக்கும், இது குட்டிக் குட்டி உருண்டைகளாக, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளியோடு இருக்கும்.

தட்டிலிருந்து டப்பாவுக்குப் போயிருந்தால், டப்பாவிலிருந்து படத்துக்கும் போயிருக்க வேண்டும்.

“அத்தை, படத்துலேர்ந்து கொஞ்சம் கிள்ளிக்கட்டுமா? ஓரத்துல, சட்டத்தை ஒட்டினாப்புல. செவுத்துலேர்ந்து கழட்ட வேணாம்.”

“எவ்வளவு?”

“குண்டூசித் தலைல பாதி. ஒவ்வொரு பட்டைலயும் ஒண்ணு.”

“வலிக்காம எடு” என்றார்.

கிள்ளி எடுத்த துணுக்கை அப்படியே பார்த்தால் மேல்தோல் மட்டும்தான் தெரியும். அதனால் தெளிவான பிசினில் புதைத்து, இறுகவிட்டு, பக்கவாட்டில் வழவழவென்று தேய்க்க வேண்டும். அப்போது கேக்கை வெட்டிப் பார்ப்பது போல அடுக்குகள் தெரியும். பதினான்கு துணுக்கு இடது ஓரத்திலிருந்து, ஒன்று அத்தைக்கு இன்னும் ஒத்து வராத அந்த வலது கீழ் மூலையிலிருந்து. தேய்த்து முடிக்கப் புதன்கிழமை மதியம் ஆகிவிட்டது. நான் முதலில் பார்க்கவில்லை. அங்குலத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

முதல் துணுக்கு. அவர் கண்ணை வைத்தார்.

“என்னக்கா இது, மொசைக் தரை மாதிரி இருக்கு?”

அப்படித்தான் இருந்தது. தூரத்தில் சாம்பல், கிட்டத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. நடுநடுவே, கரும்புள்ளி வைத்த பச்சை உருண்டைகள். பக்கத்துத் தட்டில் தாடியின் 1967ஆம் வருடத்துச் சாம்பலை வைத்தேன். நாங்கள் முன்பே எடுத்து வைத்திருந்த துணுக்கு அது. கறுப்பு, வெள்ளை, ஒரு சிட்டிகை நீலம். மூன்று ட்யூப், சுத்தமான கலவை. அத்தைக்குச் சாம்பல் சேர்ந்தது. தாடி அதைப் பார்த்துவிட்டு வந்து கலந்திருக்கிறார்.

“பச்சை கிளியோடதுதான், ஒத்துக்கிறேன். ஆனா டப்பாவை மூடி வெச்சு, பத்து வருஷம் கழிச்சுக்கூட வரைஞ்சிருக்கலாமே?”

“எண்ணெய் வண்ணம் தண்ணி வத்துற மாதிரி காயாது தம்பி. காத்தை உள்ள இழுத்து இறுகும். பால்ல ஆடை கட்டுற மாதிரி மேல முதல்ல கட்டும், அப்புறம் உள்ள. ரெண்டு மூணு மாசத்துல டப்பா கல்லாயிடும்.”

தலையாட்டினார். இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்பது வரை பச்சை. பத்தாவதில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அக்கா, இதுல பச்சையே இல்லையே.”

பதினொன்றிலும் இல்லை. பதினான்கு வரை இல்லை. பாதிப் படத்தில் பச்சை, பாதியில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? மேல் பாதியைப் பல வருடம் கழித்துத்தான் வரைந்தாரா? அங்குலம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அது அவர் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

எழுந்து போய்க் கண்காட்சிக்கு வந்திருந்த பழைய புகைப்படங்களைப் புரட்டினேன். கிளியை வழியனுப்பிய அன்று குடைக்கடைப் படிக்கட்டில் எடுத்தது ஒன்று உண்டு. ஏழு பேரும் பெட்டியோடு சிரிக்கிறார்கள். ஓரத்தில் கீழ்ப்படியில் ஒரு பிஸ்கட் டப்பா, அதன் மேல் ஒரு கை. கை மட்டும். மீதிப் பெண் படத்துக்கு வெளியே. பின்னால் பென்சிலில்: மார்ச், 1964.

வீட்டுக்கு போன் போட்டேன்.

“அத்தை, கீழேர்ந்து பத்தாவது பட்டை எந்த நாள்?”

“அதான் சொன்னேனே. கிளி போன மறுநாள்.” சமையலறையில் குழாய் ஓடும் சத்தம். “அன்னைக்கு ஆறு தட்டுதான். டப்பாவுல பச்சை இல்லாம சாம்பல் கொஞ்சம் செவந்து போச்சு. நான் வேற என்ன செய்ய, அதையே போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஏன்?”

இருபத்தெட்டு வருடம் அந்தப் படத்துக்குக் கீழே நின்று பால் எடுத்திருக்கிறேன். மேல் ஐந்து பட்டை கீழ் ஒன்பதைவிட லேசாகச் சிவந்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் போய்விட்ட சிவப்பு அது.

அங்குலம் போனில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். புகைப்படத்தை ஒரு தடவையும் மைக்ரோஸ்கோப்பை ஒரு தடவையும் பார்த்தார். “மார்ச் அறுபத்து நாலு. நாள் கணக்காவே சொல்லலாம் போலிருக்கே. தாடிக்கு மூணு வருஷம் முன்னால.” பிறகு கடைசித் துணுக்கை, அந்த மூலையுடையதைப் பார்த்தார். “ஆனா, இது என்னக்கா?”

இடது ஓரத்தில் எங்கும் ஒரே அடுக்கு. வலது கீழ் மூலையில் மட்டும் ஒன்பது. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் மெல்லிய பழுப்புக் கோடு. சமையலறையின் புகையும் பிசுக்கும். மரத்தின் வளையம் மாதிரி எண்ணலாம். மேலடுக்கு நான் கிள்ளி எடுத்தபோதே நகத்துக்கு அமுங்கியது.

“போன மாசம் தொட்டிருக்காங்க” என்றேன். மறைத்து என்ன பயன்?

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஆதாரம் எல்லாம் பிரமாதம். ஆனா நம்ம விதிப்படி லேபிள்ல போடுறது முடிஞ்ச வருஷம். அவங்க முடிக்கவே இல்லையேக்கா! படத்தோட பின்னாடி ஓவியர் என்ன எழுதுறாங்களோ அதைத்தான் நான் போட முடியும். அறுபத்து நாலுன்னு எழுதித் தரச் சொல்லுங்க. நானே வந்து எடுத்துக்கிறேன்.”

வியாழக்கிழமை காலை வந்தார். சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து, படத்தைக் கவிழ்த்து வைத்தோம். முதல்முறையாக அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, ஒரு எழுத்து இல்லை. அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலைச் சீவினார்.

“அம்மா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு” என்றார் அங்குலம், பக்குவமாக.

“இன்னைக்கு என்ன தேதி?”

“அத்தை!”

“கத்தாதே. இன்னைக்குத்தானே போகுது?”

“இன்னைக்குத் தேதி போட்டா குழாய்ப் பக்கம்தான் அத்தை. அறுபத்து நாலு போட்டா கிளி பக்கத்துல. உங்களுக்கு எது வேணும்?”

பென்சில் கேன்வாஸுக்கு மேலே நின்றது. அவருக்கு எது வேண்டும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். நீலக் கோட்டு நாற்காலியில் தொங்கியது. எல்லாப் பொத்தானும் இப்போது இருந்தது.

“அறுபத்து நாலுல இது முடியலம்மா” என்றார் மெதுவாக. “அந்த மூலை அப்பவே உறுத்துச்சு. முடிஞ்சுதுன்னு எழுதுனா, இத்தனை வருஷமா நான் ஸ்டூல் போட்டு ஏறுனது எதுக்கு? வேணாம். பொய் எழுதி அவனுங்க பக்கத்துல நிக்க மாட்டேன். எனக்குக் கூச்சமா இருக்கும்.”

அங்குலம் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தினார்.

“அம்மா, உங்க பேருக்குக் கீழ கேட்டலாக்ல நான் என்ன போட்டிருக்கேன் தெரியுமா? பிறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் ஒண்ணும் இல்லை. உயிரோட இருக்கிறவங்களுக்கு அப்படித்தான் போடுவோம்.”

அத்தை அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “படத்துக்குப் போடலாமா?”

“விதில கூடாதுன்னு இல்லை. அறை எதுங்கிறதை முதல் நம்பர்தான் முடிவு பண்ணும். ரெண்டாவது நம்பர் இல்லைன்னா, இல்லை.”

“இது திரும்பி வீட்டுக்குத்தானே வரும்?”

“நாலு மாசத்துல கொண்டு வந்து மாட்டிருவேன்.”

“அப்ப இன்னைக்குப் போகலைன்னுதான் அர்த்தம். வெளியூர் போயிட்டு வருது, அவ்வளவுதான்.” குனிந்து, சாய்ந்த கையெழுத்தில் எழுதினார்: மார்ச் 1964. பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு கொஞ்சம் நீளமாகவே போனது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

முதல் அறையின் நடுச்சுவரில் இப்போது இடப்பக்கம் தாடி, வலப்பக்கம் கிளி, நடுவில் பதினான்கு பட்டைகள். லேபிளில் ‘1964 – ’ என்று நிற்கிறது. அச்சுப் பிழை என்று திறப்பு விழாவிலேயே மூன்று பேர் காவலாளியிடம் சொல்லிவிட்டார்கள். அங்குலம் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார்.

அத்தை நீலக் கோட்டில், படத்துக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். கிளியின் படத்தைப் பார்த்து, “பச்சையா அப்புறான் பாரு” என்றார். பிறகு தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கினார்.

“ஏம்மா, இந்த வெளிச்சத்துல அந்த மூலை...”

“அத்தை, உங்க கைப்பையைக் கொஞ்சம் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்க.”

உள்ளே ஒரு கைக்குட்டை, இரண்டு இருமல் மிட்டாய், மருந்துச் சீட்டு. அடியில், கைக்குட்டையில் சுற்றாமல், நுனியில் ஈரச் சாம்பலோடு, ஒரு சின்னத் தூரிகை.

படத்தைப் பார்த்தேன்; வலது கீழ் மூலை ஈரமாக மினுங்கியது. காவலாளியைப் பார்த்தேன். அவர் நான்காவது ஆளிடம் கோட்டுக்கு அப்புறம் ஏன் ஒன்றும் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். பையை மூடி, அத்தையிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“இப்ப ஒத்து வந்துச்சா?” என்று கேட்டேன்.

“கிட்டத்தட்ட” என்றார்.